முப்பத்தெட்டாவது அட்டை

உன் மகள் அனுப்பிய தகரப் பெட்டியைத் திறந்ததும் முதலில் எழுந்து வந்தது சீமெண்ணெய் வாடைதான். கரையான் ஏறிவிடும் என்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பனியனைச் சீமெண்ணெயில் நனைத்து இந்தப் பெட்டியின் அடியைத் துடைப்பாய். கடைசி வரைக்கும் துடைத்திருப்பாய் போலிருக்கிறது. மலையில் நாம் ஒரே வீட்டில் குடியிருந்த காலத்தில் என் சட்டை, தலையணை, சாப்பிடும் சோறு எல்லாவற்றிலும் இந்த வாடை அடிக்கும். "சீமைன்னா எல்லைய்யா. எல்லைக்கு அந்தாண்ட இருந்து வந்ததையெல்லாம் அந்த வார்த்தையில கட்டிட்டோம். எண்ணெய், சுண்ணாம்பு, தொரை, தொரைசாணி" என்று பனியனைப் பிழிந்துகொண்டே சொல்வாய்.

உள்ளே உன் அட்டைகள், நூற்றுப் பன்னிரண்டு. மேலே உன் மகளின் கடிதம் இருந்தது. 'அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது, மாமா. வெள்ளைக்காரர்களை நம் ஜனங்கள் என்னென்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று அவர் சேர்த்து வைத்ததைப் புத்தகமாகப் போடப் போகிறோம். நீங்கள்தான் ஒருமுறை பார்த்துத் தரவேண்டும். கூடவே இருந்தவர் நீங்கள் ஒருவர்தானே' என்று எழுதியிருக்கிறாள். நல்ல பெண். உன் நாக்கு அவளுக்கு வரவில்லை.

உன் சாவுக்கு நான் வரவில்லை. முட்டி வலி என்று சொல்லி அனுப்பினேன். முட்டியில் ஒரு வலியும் இல்லை. பஸ் ஏறப் போய், பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன். உன்னைப் படுக்க வைத்திருக்கும்போது, வாய் திறக்க முடியாத உன் முன்னால் நான் நின்று என்ன செய்வது என்று தோன்றியது. உன்னோடு பேச எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் மிச்சம் இருந்தது. அதை இப்போது பேசுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நம் இரண்டு பேரையும் ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்துக்குத் தள்ளினார்கள். நீ தமிழ், நான் டிராயிங். உன்னைத் தள்ளியதற்குக் காரணம் உன் வாய். என்னைத் தள்ளியதற்குக் காரணம் எதுவுமில்லை, டிராயிங் மாஸ்டரை எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம். புதூர்நாட்டுப் பக்கம் போகும் ஜீப்பில் புளி மூட்டைமேல் உட்கார்ந்து வந்து இறங்கினோம். இறங்கிய அன்றே நீ தலைமையாசிரியருக்குப் பேர் வைத்துவிட்டாய். பாவம், அவருக்கு முகத்திலும் கையிலும் வெண்தேமல் படர்ந்திருந்தது. "கவர்னர் தொரை வர்றாரு, எழுந்து நில்லு" என்று என் காதில் சொன்னாய். நான் சிரித்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், என்ன சொன்னாய் என்று அவருக்குப் புரிந்தும் போயிற்று. அன்று முதல் நீ சொல்ல, நான் சிரிக்க என்றுதான் நம் சிநேகம் நடந்தது.

உன் அட்டைகளுக்கு சார்ட் தாளை அளந்து வெட்டிக் கொடுத்தவன் நான். சொல், பொருள், மூலம், வாக்கியம், சொன்னவர் என்று ஒவ்வொன்றிலும் ஐந்து தலைப்பை என் கையால் எழுதிக் கொடுத்தேன். மற்ற நான்கில் நீ கொஞ்சம் விட்டுக்கொடுப்பாய். மூலத்தில் மட்டும் விடமாட்டாய். மூலம் தெரியாத சொல்லுக்கு நீ அட்டையே போடவில்லை. "மூலம் தெரியவில்லைன்னு எழுதுறவன் அந்தக் கைய வெட்டிக்கலாம்" என்பாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமம் கிராமமாக நடப்போம். சாமை வயலில் களை எடுப்பவர்களை நிறுத்தி, வெள்ளைக்காரனை உங்கள் தாத்தா என்ன சொல்வார் என்று கேட்பாய். தொரை என்பார்கள், சட்டைக்காரன் என்பார்கள், தொப்பிக்காரன் என்பார்கள். காவலூரில் வானத்தைப் பார்க்க வந்த விஞ்ஞானிகளைக்கூட நட்சத்திரத் தொரை என்றுதான் சொன்னார்கள். அதில் முக்கால்வாசிப் பேர் நம் நிறம்தான், பேன்ட் போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். நீ குதித்தாய். "பாத்தியா, தொரைங்கறது தோலு இல்ல, துணி" என்று சொல்லி, வரப்பிலேயே உட்கார்ந்து எழுதினாய். துரை தெலுங்கிலிருந்து வந்த சொல் என்றும், முதலில் நம் பாளையக்காரர்களுக்குத்தான் அந்தப் பேர் இருந்தது என்றும், வெள்ளைக்காரன் அவர்களைத் துரத்திவிட்டு நாற்காலியோடு பேரையும் எடுத்துக்கொண்டான் என்றும் எனக்குச் சொன்னாய். யவனர் என்பது எங்கோ கிரேக்கர்களின் ஒரு கரைக்கு இருந்த பெயர், கடலில் வந்த மேற்கத்தியான் எல்லாருக்கும் அதைப் பூசினோம் என்றாய். வெள்ளைக்காரனை ஊணர் என்று புலவர்கள் எழுதியது குதிரைமேல் வந்த வேறு ஒரு கூட்டத்தின் பெயர் என்றாய். நீ பேசும்போது நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். அதை இப்போதும் மறுக்கமாட்டேன்.

பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஆண்டியின் வீடு. அந்த வீட்டுக்குத் தொரைவூடு என்று பேர். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அதில் கேலி எதுவும் இல்லை. மண் சுவரில் ஓர் ஆணியடித்து, பூச்சி அரித்த காக்கிக் கம்பளிக் கோட்டு ஒன்றை மாட்டி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் சந்தன மரம் பார்க்க வந்த காட்டு அதிகாரி ஒருவன் கூடாரம் போட்டுத் தங்கினான், அவனுக்கு வேலை செய்ததற்காகக் கொடுத்த கோட்டு, அதனால் வந்த பேர் என்பது ஊரின் கதை.

ஆண்டியின் மகள் அலமேலுதான் நம்மைக் கூப்பிட்டுக் காட்டினாள். பத்தொன்பது வயது, விடுதிச் சமையலுக்குப் புளி கொண்டுவந்து கொடுப்பாள். அவளுக்குப் பக்கத்துக் கிராமத்தில் பேசி முடித்து, பரிசம் போட்டாயிற்று. புளி உலுக்கல் முடிந்ததும் கல்யாணம். "தமிழ் சாரு, ஊரு ஊரா போய் எழுதறியே, எங்க வூட்டு பேர எழுதினியா? சட்ட காட்றேன் வா" என்று கையைப் பிடிக்காத குறையாக இழுத்துப் போனாள். கோட்டைத் தொட்டுப் பார்த்த நீ, கோட்டைப் பார்க்கவில்லை. வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த ஆண்டியின் கண்ணைப் பார்த்தாய். நானும் பார்த்தேன். தேன் நிறத்தில் பச்சை கலந்த கண்.

"சட்டையால வந்த பேர்னா சட்டைக்கார வூடுன்னு இல்ல சொல்லியிருப்பான்? தொரைவூடுன்னு ஏன் சொன்னான்?" என்று திரும்பி வரும்போது கேட்டாய். அட்டை எழுதினாய். முப்பத்தெட்டு. அன்றுவரை செய்யாததாக, மூலம் என்ற இடத்தைக் காலியாக விட்டாய். அது உன்னைப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி படுத்தியது.

நான் நிரப்பிக் கொடுத்தேன்.

கல்யாணத்துக்கு முன்னால் தன்னை ஒரு படம் வரைந்து தரவேண்டும் என்று ஆண்டி கேட்டிருந்தார். மகள் போன பிறகு மாமியார் வீட்டில் மாட்டிக்கொள்வாளாம். நான்கு சனிக்கிழமை அவர் திண்டின்மேல் உட்கார, நான் வரைந்தேன். கடைசியில் கண்ணுக்கு வந்தபோது, பச்சையும் மஞ்சளும் கலந்து ஒரு பூச்சுப் பூசியிருந்த என்னைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ண மட்டும் கருப்பா போட்டுடு சாரு."

"ஏங்க? நல்லாத்தானே கீது."

திரித்துக்கொண்டிருந்த கயிற்றை இன்னும் ஒரு முறுக்கு முறுக்கினார். பிறகு கயிற்றைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். அவர் அப்பாவைப் பெற்றவள் அந்தக் காட்டு அதிகாரியின் கூடாரத்துக்குச் சோறாக்கப் போனவள். போன இடத்தில் அவள் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. வயிற்றோடு திரும்பி வந்தவளை அவள் புருஷன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வீட்டுக்குள் விட்டான். பிறந்தவன்தான் ஆண்டியின் அப்பன்.

"ஊரே அறிஞ்சது சாரு. ஆனா புளியமரத்தடியில எவனும் வாய் தொறந்ததில்ல. அங்க சொல்லாத வரிக்கும் அது இல்லாததுதான். அங்க சொல்லிட்டா வெசாரிக்கணும். வெசாரிச்சா எனக்கு வகை இல்ல, எம் பொண்ணுக்கும் வகை இல்ல" என்றார்.

அந்த மலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வகை உண்டு, அது அப்பன் வழியில் வருவது. வகை கேட்டுத்தான் பெண் எடுப்பார்கள். ஊர் கூடி நியாயம் பேசுவது பெரிய புளியமரத்தின் அடியில். எழுபது வருடமாக அந்த ஜனங்கள் ஒரு வீட்டைக் காப்பாற்றியது இப்படித்தான், மரத்தடியில் மட்டும் அந்தப் பேச்சை எடுக்காமல். எவ்வளவு பெரிய மனசு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. நான் கண்ணுக்குக் கருப்பு அடித்தேன். சாயந்திரம் வீட்டுக்கு வந்து, நீ வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாய், உன்னிடம் அந்தக் கதையைச் சொன்னேன்.

ஏன் சொன்னேன் என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. உன்னைச் சிரிக்க வைக்கும் விஷயம் என்னிடமும் ஒன்று இருக்கிறது என்று காட்ட ஆசைப்பட்டேன், அவ்வளவு அற்பமான காரணம். நீ கையைக்கூடக் கழுவாமல் அட்டையை எடுத்தாய். மூலம் என்ற இடத்தில் எழுதினாய். சொன்னவர் என்ற இடத்தில் என் பேரை எழுதினாய். "ஓவியரே, இது உன் சொத்துய்யா" என்று முதுகில் தட்டினாய். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆண்டு விழா வந்தது. மலையில் சமதரை ஏது? பள்ளிக்கூடத்தை ஒட்டி இருந்த ஒரே சமதரை அந்தப் புளியமரத்தடிதான். ஊர்ப் பெரியவரான நாட்டாரைக் கேட்டு, மேடை போட்டோம். முந்தின நாள் மத்தியானம் நீ என் எதிரில் நின்று உன் பேச்சை ஒத்திகை பார்த்தாய். அதில் தொரைவூடு வந்தது. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். மரத்தடியில் அதைச் சொல்லக்கூடாது என்று உனக்குத் தெரியாது. ஆண்டி சொன்ன கதையைத்தான் உன்னிடம் சொன்னேன், மரத்தைப் பற்றிச் சொன்னதைச் சொல்லவில்லை, கதைக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். 'அந்த இடத்தை விட்டுவிடு' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். விட்டுவிட்டால் என் கண்டுபிடிப்பும் போய்விடுமே என்று இருந்தது. தோரணத்துக்குக் காகிதம் வெட்டப் போய்விட்டேன்.

மறுநாள் நீ பேசிய பேச்சு எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "அரபுக்காரன் முதலில் பார்த்த வெள்ளைக்காரன் பிராங்க் என்கிற ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன். அப்புறம் எவன் வந்தாலும் அவனுக்கு பிராங்க்தான். அந்தப் பேர் பாரசீகம் போய், கப்பலேறி, நம் கரையில் இறங்கும்போது பரங்கி ஆகிவிட்டது. ஆக, யாரும் தன் பேரைத் தானே வைத்துக்கொள்வதில்லை. எதிரில் நிற்பவன் வைக்கிறான். எவனோ ஒருத்தன் பேரை எல்லார் தலையிலும் கட்டுகிறான்." ஜனங்கள் கை தட்டினார்கள். பாதி புரியாவிட்டாலும் உன் கையசைவுக்கும் குரலுக்கும் தட்டினார்கள். பெண்கள் பக்கத்தில் அலமேலு எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசை பெஞ்சில். ஆண்டி, யாரும் கேட்காமலே, வந்தவர்களுக்கெல்லாம் குடிக்கத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"எங்கேயோ ஏன் போகவேண்டும்? இதோ, நம் ஊரிலேயே தொரைவூடு இருக்கிறது. கோட்டால் வந்த பேர் என்கிறீர்களே, கோட்டுக்குப் பச்சைக் கண் இருக்குமா?" என்றாய். சிரிப்பு வருவதற்காக நிறுத்தினாய். வரவில்லை. அதனால் இன்னும் தெளிவாகச் சொன்னாய். சோறாக்கப் போனவள் என்ன கொண்டுவந்தாள் என்று சொன்னாய்.

நாட்டார் எழுந்தார். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பச் சொன்னார். விழா முடிந்துவிட்டது என்று நமக்குப் புரிவதற்குள், அது சபையாகிவிட்டது.

அவர் உன்னைத் திட்டவில்லை. அதைத்தான் நீ கடைசி வரை புரிந்துகொள்ளவில்லை. "தமிழ் சாரு, நீ வெளியூரு. இது இன்னா எடம்னு ஒனக்கு தெரியாது. வெளையாட்டுக்கு சொல்லிட்டேன், அந்தப் பேரு எங்க இருந்து வந்திச்சின்னு எனக்கு தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. மேல பேச்சே இல்ல. மாலைய போட்டுட்டு விழாவ நடத்துவோம்" என்றார். அந்தக் கிழவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது. ஊரே உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை. ஒரு பொண்ணின் கல்யாணம் அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

நீ சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தாய்.

"ஆதாரம் இல்லாம நான் பேசமாட்டேங்க. எழுதி வெச்சிருக்கேன்."

"அப்டியா? சொன்னது யாரு?"

நீ அட்டையைப் பார்த்தாய். என் பேர் அதில் இருந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய். நான் என் நகத்தில் ஒட்டியிருந்த சிவப்புச் சாயத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"ஆண்டிதாங்க சொன்னது" என்றாய்.

அதுவும் உண்மைதானே. உன் அட்டையில் பொய் இருக்காது.

நாட்டார் திரும்பினார். "ஆண்டி, நீ சொன்னியாப்பா?" அவருக்கும் ஒரு வாசலைத் திறந்து வைத்துத்தான் கேட்டார், இல்லை என்றால் போதும் என்பது போல. ஆண்டி தண்ணீர்க் குடத்தைக் கீழே வைத்தார். இல்லை என்று சொல்ல அவருக்கு என்ன கஷ்டம்? ஆனால் அவர் சொன்னது ஒரே ஒருவனிடம். அந்த ஒருவன் எழுந்து, 'ஆண்டி சொல்லவில்லை, நான்தான் கட்டிவிட்டேன்' என்று சொல்வான் என்று காத்திருந்தார். என்னைத்தான் பார்த்தார். நான் தலையை நிமிர்த்தவே இல்லை. சாயம் நகத்தை விட்டு வரமாட்டேன் என்றது.

"சொன்னேங்க" என்றார்.

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்போ நாங்க வர்றோம்" என்றார். சண்டை இல்லை, கூச்சல் இல்லை. பெண்கள் பக்கத்தில் அலமேலுவைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். அவள் மட்டும் நடுவில் இருந்தாள். அவளுக்கு அந்தக் கதை அதுவரை தெரியாது. அவள் சட்டையைக் காட்டியவள், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது.

அடுத்த வாரமே அவள் புளிக்கூடையோடு போகும்போது பிள்ளைகள் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். "பரங்கிச்சி! பரங்கிச்சி!" உன் பேச்சிலிருந்து கற்றுக்கொண்டவர்கள். நீ வாசலில் நின்று கேட்டாய். நான் நினைத்தேன், போய் அதட்டப் போகிறாய் என்று. உள்ளே போய் புது அட்டை எடுத்தாய். இதோ அது, முப்பத்தொன்பது. 'பரங்கிச்சி. பரங்கி என்பதன் பெண்பால். மக்கள் வாயில் இன்று நேரில் கேட்டது.' வாக்கியம் என்ற இடத்தில், 'பரங்கிச்சி போறா, புளி விக்கப் போறா.' மை காய்வதற்கு ஊதினாய். உன் வாய் குவிந்திருந்ததை இப்போதும் பார்க்கிறேன்.

அன்றைக்குத்தான் முப்பத்தெட்டை எடுத்துக் காட்டினாய். "உன் பேர பிளேடால சுரண்டிட்டேன். பயப்படாத. உன்ன காட்டிக் குடுக்கல பாத்தியா?" என்றாய். எனக்கு ஏதோ நல்லது செய்துவிட்டவன் போலச் சொன்னாய். அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? நீ மறந்திருப்பாய். "தேங்க்ஸ்யா" என்றேன்.

ஆண்டியின் வீட்டில் யாரும் நெருப்பு வாங்கவில்லை, கொடுக்கவில்லை. திருவிழாவுக்கு அழைப்பு வரவில்லை. புளி உலுக்கலுக்கு முன்னாலேயே குடும்பத்தோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குக் கிளம்பினார்கள். போகிற காலையில் நம் வீட்டு வாசலுக்கு வந்தார் ஆண்டி. நீ குளித்துக்கொண்டிருந்தாய், பாட்டுச் சத்தம் வெளியே கேட்டது. நான் வரைந்த படத்தைக் கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்தார்.

"கண்ணு கருப்பா போட்டது வீணா பூட்ச்சி சாரு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன், ஒருநாளில் வலி போயிருக்கும். படம் என்னிடம்தான் இருக்கிறது. துணியில் சுற்றி, பரண்மேல்.

பிறகு நமக்கு மாற்றல் வந்தது. நீ போளூர்ப் பக்கம், நான் திருப்பத்தூர். கல்யாணங்களில் பார்த்துக்கொண்டோம். ஒருமுறை டீக்கடையில் நான் ஆண்டியின் பேச்சை எடுத்தேன். நீ டீயை ஆற்றிக்கொண்டே, "நான் இன்னா இல்லாததையா சொன்னேன்?" என்றாய். இல்லாததைச் சொல்லியிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால் நீ திருப்பிக் கேட்பாய், சொன்னவர் யார் என்று. அந்தப் பயத்தில்தான் உன்னோடு இத்தனை வருடம் நல்லவிதமாக இருந்தேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. எண்பதுகளின் நடுவில், திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் அலமேலுவைப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து ஊருக்கு வரும் கூட்டத்தோடு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். கிழவிபோல் ஆகியிருந்தாள், முப்பதுகூட இருக்காது. மடியில் இரண்டு வயதுப் பையன். நான் பக்கத்தில் போய் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டாள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான், தேனில் பச்சை கலந்த கண்.

முந்தானையை இழுத்து அவன் முகத்தை மூடினாள்.

"ஒங்க அப்பா இன்னா பண்றாரு?" என்றேன்.

"இல்ல."

அவளே சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை, வழியில் நிற்பவனை ஒதுங்கச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

"இவன வரஞ்சிடாத சாரு."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள்.

இப்போது முப்பத்தெட்டு என் மேசைமேல் இருக்கிறது. சொன்னவர் என்ற இடத்தில் 'ஆண்டி' என்று இருக்கிறது. அதன் அடியில் தாள் மெலிந்திருக்கிறது. ஜன்னலுக்கு நேராகப் பிடித்தால், பேனா அழுத்திய பள்ளத்தில் என் பேர் தெரிகிறது. நன்றாகச் சுரண்டத் தெரியாது உனக்கு. என்னிடம் கொடுத்திருந்தால் தடமில்லாமல் எடுத்துக் கொடுத்திருப்பேன்.

முதலில் நினைத்தேன், ஆண்டியின் பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதி, அப்படியே அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று. இந்த வயதில் யோக்கியனாகிவிடலாமே. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நான் யோக்கியனாவதற்காக சோறாக்கப் போன அந்தப் பொம்பிளையின் கதையை மறுபடியும் புளியமரத்தடியில், இந்தமுறை அச்சில், படிக்க வேண்டும். அந்தப் பையனுக்கு இன்று நாற்பது வயதிருக்கும். அவனுக்கும் பெண் இருக்கலாம், அவள் வீட்டிலும் யாராவது வந்து வகை கேட்கலாம்.

அதனால் சார்ட் தாளை அளந்து புதிதாக ஓர் அட்டை வெட்டினேன். ஐந்து தலைப்பையும் பழையபடி என் கையால் எழுதினேன். மீதியை உன் கையெழுத்தில் எழுதினேன். உன் கையெழுத்து எனக்கு நன்றாக வரும், உன் 'ற'வின் வால்கூட. வருகைப் பதிவேட்டில் உனக்காக எத்தனை நாள் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சொல்: தொரைவூடு. பொருள்: ஜவ்வாது மலையில் ஒரு வீட்டின் பெயர். வாக்கியம் என்ற இடத்தில், 'தொரைவூட்டுல சட்ட காட்றேன் வா.' சொன்னவர்: அலமேலு. மூலம் என்ற இடத்துக்கு வந்து, நீ பிடிக்கும் விதமாகவே பேனாவைச் சாய்த்துப் பிடித்து, உனக்காக எழுதினேன்.

மூலம் தெரியவில்லை.

நீ கத்துவாய். கத்து. அன்றைக்கு அந்த நாட்டார் உன்னிடம் கெஞ்சிக் கேட்ட வார்த்தை இதுதான். உயிரோடு இருந்தவரை உன் வாயிலிருந்து வரவில்லை, இனி உன் புத்தகத்தில் உன் கையெழுத்திலேயே இருக்கும். புது அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு முப்பத்தொன்பதை எடுத்துக்கொண்டேன். ஓர் எண் குறைகிறதே என்று உன் மகள் கேட்டால், கரையான் அரித்துவிட்டது என்பேன். அதையும் பழைய முப்பத்தெட்டையும் ஆண்டியின் படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன்.

படத்தைக் கீழே இறக்கியபோது துணியைப் பிரித்துப் பார்த்தேன். கண்ணில் நான் அடித்த கருப்பு மட்டும் சாயம் கொஞ்சமும் மங்கவில்லை. அடியில் முதலில் போட்ட பச்சை எங்கேயும் தெரியவில்லை. என் வாழ்நாளில் நான் சரியாகச் செய்த வேலை அது ஒன்றுதான். அதையும் நானே கெடுத்தேன்.